வெயில் சர்க்கரையாவதை வீட்டிலேயே பார்க்க: ஒரு செம்பருத்தித் தொட்டியும் கொஞ்சம் ஐயோடினும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) உரம் போடுகிறவர்கள், "மரத்துக்குச் சாப்பாடு போடுறோம்" என்பார்கள். பிள்ளைகளும் அதையே நம்பிவிடுகிறார்கள். உரத்தில் இருப்பது நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் போன்ற சத்துகள். அவை சாப்பாடு அல்ல. மரத்தின் காய்ந்த எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கரிமம் (கார்பன்). அதை மண் கொடுக்கவில்லை, காற்றிலுள்ள கரிவளியிலிருந்து (கார்பன் டை ஆக்சைடு) இலைதான் பிடித்தது. இதை வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டிவிடலாம். இரண்டு சோதனைகள் போதும்: ஒன்று ஒளி வேண்டும் என்பதைக் காட்டும், மற்றது கரிவளி வேண்டும் என்பதைக் காட்டும்.

முதலில் இலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பச்சையம் வெயிலில் உள்ள சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு நீர் பிளக்கப்படுகிறது. வெளியே வரும் உயிர்வளி (ஆக்சிஜன்) நீரிலிருந்து வருவதே தவிர கரிவளியிலிருந்து அல்ல. கனமான ஆக்சிஜன் அணுவை அடையாளமாக வைத்து ரூபென், கேமன் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் 1941இல் இதைக் காட்டினார்கள். கூடவே ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு ஆற்றல் பொருள்கள் தயாராகின்றன. அடுத்த கட்டத்துக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை. ரூபிஸ்கோ என்ற நொதி கரிவளியைப் பிடித்து மூன்று கரிம அணுக்கள் கொண்ட சர்க்கரையாக்கும் வழியைத் திறக்கிறது. இந்தச் சுழற்சியைக் கண்டறிந்ததற்காகவே மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு குளுக்கோஸ் அளவு சர்க்கரை சேர 6 கரிவளி, 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச் செலவாகும். அதில் ஒரு பகுதி சுக்ரோஸாக மாறி வேருக்கும் காய்க்கும் போகிறது. உடனே போகாத மிச்சம் இலையிலேயே மாவுச்சத்தாகத் தங்கி, இரவில் கரைந்து வெளியேறுகிறது. ஐயோடின் மாவுச்சத்தைக் கருநீலமாக்கும்; அதைக் கொண்டு நாம் பிடிக்கப்போவது இந்த மிச்சத்தைத்தான்.

முதல் சோதனை: செம்பருத்தி இலை

தொட்டியில் வளரும் செம்பருத்தி எடுங்கள். இலை மெல்லியது, மாவுச்சத்தை நன்றாகச் சேர்க்கும். வெங்காயத்தாள் வேண்டாம், அது மிச்சத்தைச் சர்க்கரையாகவே வைத்துக்கொள்வதால் ஐயோடின் எதையும் காட்டாது.

வெள்ளிக்கிழமை மாலை தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் புகாத அலமாரியில் வையுங்கள். ஞாயிறு காலை வரை அங்கேயே இருக்கட்டும். பழைய மாவுச்சத்து காலியாக இந்த நேரம் வேண்டும். கிளையைக் கறுப்புக் குப்பைப் பையால் கட்டி வெளியே விடுவது தவறு. வெயிலில் பைக்குள் இலை வெந்துவிடும்.

ஞாயிறு காலை ஓர் இலையைக் கிள்ளி, கீழே சொல்லும் ஐயோடின் முறையில் தனியே சோதித்துவிடுங்கள். அதில் கறுப்பு வரக்கூடாது. வந்தால் இன்னும் ஓர் இரவு இருட்டு வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் "முழு இலையும் கறுத்துப் போச்சு" என்று குழம்புகிறார்கள்.

பிறகு செடியிலேயே மூன்று இலைகளைத் தயார் செய்யுங்கள். முதல் இலையின் நடுவில் 2 சென்டிமீட்டர் அகல அலுமினியத் தாளை மேலும் கீழும் வைத்து, காகிதக் கிளிப்பால் தளர்வாகப் பிடியுங்கள். இரண்டாவது இலையில் அதே அளவு தெளிவான பிளாஸ்டிக் தாளை அதே மாதிரி வையுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். பாடப்புத்தகச் சோதனைகளில் பிளாஸ்டிக் இலை பெரும்பாலும் இருக்காது, ஆனால் எங்கள் கருத்தில் சோதனையின் உயிரே அதுதான். அலுமினியத் தாள் ஒளியை மட்டுமல்ல, காற்றையும் கொஞ்சம் தடுக்கும். பிளாஸ்டிக்குக் கீழே மாவுச்சத்து உண்டாகி, அலுமினியத்துக்குக் கீழே உண்டாகாவிட்டால்தான் ஒளியைக் காரணமாகச் சொல்ல முடியும்.

காலை 9 மணிக்கு வெளியே வையுங்கள். தீபகற்ப மலேசியாவில் வெயில் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பிற்பகல் 1.15க்கு; ஆகவே 3 மணிக்குப் பிறகு பறியுங்கள். புகைமூட்ட நாளில் தொடங்க வேண்டாம். வானம் தெளியும் வரை காத்திருங்கள்.

தாள்களை எடுத்துவிட்டு, எந்த இலை எது என்று தெரிய காம்பில் வேறு வேறு நிற நூல் கட்டுங்கள். கொதிக்கும் நீரில் இலையை 1 நிமிடம் போடுங்கள். உயிரணுச் சவ்வுகள் உடைந்து, அடுத்து வரும் திரவங்கள் உள்ளே போக இது உதவும். இப்போது அடுப்பை அணையுங்கள், கண்டிப்பாக. கண்ணாடிக் குவளையில் 95 சதவீத எத்தனால் 30 மில்லி ஊற்றி, இலையை மூழ்கவிட்டு, குவளையைச் சுடுநீர்க் கிண்ணத்தில் வையுங்கள். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் பக்கத்தில் எந்த நெருப்பும் இருக்கக்கூடாது, பெரியவர்தான் செய்ய வேண்டும். சுமார் 10 நிமிடத்தில் திரவம் பச்சையாகி இலை வெளுத்துவிடும். வெளுக்காவிட்டால் சுடுநீரை மாற்றுங்கள். பார்மசியில் 70 சதவீத ஆல்கஹால்தான் கிடைத்தது என்றால் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வெளுத்த இலை மொறுமொறுவென்று உடையும். சுடுநீரில் ஒருமுறை முக்கினால் மென்மையாகும். வெள்ளைத் தட்டில் விரித்து ஐயோடின் ஊற்றுங்கள்: போவிடோன் ஐயோடின் 1 தேக்கரண்டிக்குத் தண்ணீர் 5 தேக்கரண்டி. கடையில் "மஞ்சள் மருந்து" என்று மட்டும் கேட்டால் அக்ரிஃபிளேவின் கொடுத்துவிடலாம், அது இதற்கு உதவாது. புட்டியில் பெயரைப் படித்து வாங்கி, முதலில் ஒரு பருக்கை சோற்றில் சொட்டிப் பாருங்கள். கருநீலமானால் சரி.

3 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். அலுமினியம் இருந்த பட்டை பழுப்பு மஞ்சளாகவும், அதன் இரு பக்கமும் கருநீலமாகவும், எல்லைக்கோடு ஓரளவு தெளிவாகவும் தெரியும். பிளாஸ்டிக் இருந்த இடமும் கருத்திருக்கும், சற்று வெளிறியிருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது சோதனை: மிதக்கும் வட்டங்கள்

300 மில்லி தண்ணீரில் எட்டில் ஒரு தேக்கரண்டி சோடா மாவும் (சமையல் சோடா) ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலக்குங்கள். நுரை வரும்படி அடிக்க வேண்டாம். சோடா மாவுதான் இங்கே கரிவளியின் கையிருப்பு. பேக்கிங் பவுடர் போட்டால் அதிலுள்ள அமிலம் குமிழி விட்டு வட்டங்களைப் பொய்யாகத் தூக்கிவிடும். இன்னொரு கிண்ணத்தில் சோடா மாவு இல்லாமல் அதே கலவை.

மயிரில்லாத மெல்லிய கீரை இலையில், நரம்பைத் தவிர்த்து, காகிதம் துளையிடும் கருவியால் 20 வட்டங்கள் வெட்டுங்கள். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் 10 வட்டங்கள் போட்டு, சோடாக் கலவையை 4 மில்லி உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளுங்கள். நுனியை விரலால் அடைத்து, தண்டை இழுத்து 10 வினாடி பிடித்து விடுங்கள். இலைக்குள் இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் திரவம் புகும், வட்டங்கள் மூழ்கும். இரண்டு மூன்று முறையில் மூழ்காதவற்றைத் தள்ளிவிடுங்கள். பலமாக இழுத்தால் இலை நசுங்கும், நசுங்கிய வட்டம் வேலை செய்யாது. மீதி 10 வட்டங்களுக்கு சோடா இல்லாத கலவையை வைத்து இதையே செய்யுங்கள்.

இரண்டையும் தெளிவான குவளைகளில் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊற்றி, எல்இடி விளக்கை 15 சென்டிமீட்டர் மேலே வையுங்கள். வெளி வெயில் வேண்டாம், தண்ணீர் சூடேறி நொதிகள் கெடும். ஒவ்வொரு நிமிடமும் எண்ணுங்கள். சோடாக் குவளையில் உயிர்வளி குமிழியாகி, வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். பாதி எழும்பிய நேரத்தைக் குறியுங்கள். விளக்கைத் தள்ளி வைத்து மறுபடி பார்த்தால் அந்த நேரம் நீளும். சோடா இல்லாத குவளையில் பெரும்பாலும் கீழேயே கிடக்கும். கடைசியில் சோடாக் குவளையை இருட்டில் மூடி வையுங்கள். சுவாசம் உயிர்வளியைச் செலவழிப்பதால் மிதந்தவை மெல்ல இறங்கும்.

தோட்டத்தில் இதே கணக்கு

செம்பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் எக்டருக்கு 143 மரம் வரும். அதைவிட நெருக்கினால் மட்டைகள் ஒன்றையொன்று மறைத்து, ஒரு மரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும்.

பச்சையத்தின் மையத்தில் இருப்பது மக்னீசியம். அது குறைந்தால் முதலில் கீழ்மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும், ஏனெனில் மரம் பழைய மட்டையிலிருந்து எடுத்துப் புதியதற்கு அனுப்புகிறது. அப்படிப்பட்ட மட்டையைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு சிற்றிலையின் மேல் இன்னொன்று நிழல் விழுந்திருந்த இடம் மட்டும் பச்சையாகவே நிற்கும், வெயில் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு. இந்த அடையாளம் கிடைத்தால் குறை மக்னீசியம் என்று ஊகித்து, மட்டையின் இலை மாதிரியை ஆய்வுக்கு அனுப்பிய பிறகே கீசரைட் என்ற மக்னீசிய உரத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.