கலப்புப் பழத்தோட்டத்தில் தரை வண்டுகளைப் பேணுவதும் கணக்கெடுப்பதும்

மா, கொய்யா, சப்போட்டா, நெல்லி ஆகியவற்றை ஒரே தோட்டத்தில் கலந்து நடுபவர்கள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் வருமானம் வேண்டியே அவ்வாறு செய்கிறார்கள். அந்த ஏற்பாடு மண்மேல் திரியும் தரை வண்டுகளுக்கும் உதவக்கூடும். ஆனால் மரங்களைக் கலந்ததால் மட்டும் அது நிகழ்ந்துவிடாது, மரங்களுக்கு அடியில் உள்ள நிலம் எப்படி வைக்கப்படுகிறது என்பதே முக்கியம். இவ்வண்டுகளுள் பல இரவில் இரை தேடுபவை. பழ ஈயின் புழு கனியை விட்டு வெளியேறி, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாக மாறுகிறது. அது தரையில் ஊர்ந்து மண்ணுக்குள் இறங்கும் வேளைதான் வண்டுகளுக்கும் எறும்புகளுக்கும் வேட்டை நேரம்.

முதலில் வண்டை அடையாளம் காணப் பழக வேண்டும், ஏனெனில் தோட்டத்தில் வண்டு என்றாலே நசுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தரை வண்டு பொதுவாகக் கருமையாகவோ உலோகப் பளபளப்புடனோ இருக்கும். நீண்ட கால்களால் விரைந்து ஓடும், முன்னோக்கி நீண்ட தாடைகள் கொண்டது. கறுப்பு உடலில் ஆறு வெண்புள்ளிகள் கொண்ட பெரிய இனம் ஒன்று தென்னிந்தியாவில் காணப்படுகிறது. அது காரமான அமிலத்தைப் பீச்சும் என்பதால் முகத்தருகே கொண்டு போகக் கூடாது. எருக்குழியில் வளைந்து கிடக்கும் பருத்த வெள்ளைப் புழு காண்டாமிருக வண்டினுடையது. தரை வண்டின் புழுவோ தட்டையாக, நீளமாக, சுறுசுறுப்பாக ஓடக்கூடியது.

நடவின்போது மாவைப் பத்து மீட்டர் இடைவெளியில் நட்டு, நடுவில் கொய்யாவை நிரப்பு மரமாக வைப்பது எளிய முறை. மாவின் அடர்ந்த நிழலும் நெல்லியின் ஒளி ஊடுருவும் நிழலும் அருகருகே அமைந்தால், ஈரமான இடத்தை விரும்பும் வண்டுக்கும் வறண்ட, திறந்த இடத்தை விரும்பும் வண்டுக்கும் ஒரே தோட்டத்தில் இடம் கிடைக்கிறது. மாவின் தடித்த இலைச்சருகு மெதுவாக மட்கி நெடுநாள் மறைவிடம் தருகிறது. காய்ப்புக் காலங்கள் வேறுபடுவதால் இரையாகும் பூச்சிகளும் ஒரே பருவத்தில் வந்து அடங்கிவிடுவதில்லை. ஆனால் பூக்கும் முன் மாவுக்கு நீரைக் குறைக்க வேண்டியிருக்கும் வேளையில் சப்போட்டா நீர் கேட்கும். ஆகவே சொட்டுநீர்க் குழாய்களை மரவகைக்கேற்பத் தனித்தனி வால்வுகளுடன் அமைப்பது நல்லது.

அடுத்து, நிலத்தைப் பேணுதல். கோடை உழவு பழ ஈயின் கூட்டுப்புழுக்களை வெயிலுக்குக் கொண்டுவரும் என்பது உண்மைதான். அதே உழவு மண்ணில் வாழும் வண்டுப் புழுக்களையும் அழிக்கிறது. எனவே தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் உழாமல், பழ ஈ மிகுந்த மரங்களின் அடியில் மட்டும் லேசாகக் கொத்திவிட்டு, வரிசைகளின் இடைவெளியில் தட்டைப்பயறு அல்லது கொள்ளு விதைத்து, மண்ணை மூடிக் காக்கும் மூடாக்காக விடலாம். விழுந்த அழுகல் கனிகளைப் பொறுக்கி அகற்றியே ஆக வேண்டும், சருகை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கூட்டித் தீ வைப்பதுதான் பெருங்கேடு. கரையான் தொல்லை உள்ள இடங்களில் மூடாக்கு அடிமரத்தைத் தொடாமல் ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். வரப்பில் வெட்டிவேர், கொழுக்கட்டைப்புல் போன்ற கொத்தாக வளரும் புற்களை வளர்த்தால், உழவின்போது வண்டுகள் ஒதுங்கி மீண்டும் பரவ வழியுண்டு. இங்கிலாந்தின் தானிய வயல்களில் இதே நோக்கில் புல்மேடுகளை அமைக்கிறார்கள். பூச்சிமருந்து தவிர்க்க முடியாத கட்டத்தில், மண்ணில் ஊற்றாமல் இலைப்பரப்பில் மட்டும் தேவையான மரத்துக்குத் தெளிப்பது ஓரளவு பாதுகாப்பு. ஒவ்வொரு மரவகைக்கும் தனித்தனியே மருந்தடிக்கும் தோட்டத்தில் மொத்தத் தெளிப்பு நாட்கள் கூடிவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

பலன் தெரிய வேண்டுமானால் குழிப்பொறி வைத்துப் பார்க்க வேண்டும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வாயுள்ள பிளாஸ்டிக் கோப்பையை, அதன் விளிம்பு மண்மட்டத்துக்குச் சிறிதும் மேலே நில்லாதவாறு புதைத்து, மழை விழாமல் இருக்க மேலே ஓட்டுத் துண்டைச் சிறு கற்களின்மீது தூக்கி வைக்கவும். நீர் ஊற்றாமல் வைத்து, அடியில் சிறிது சருகிட்டு, நாள்தோறும் காலையில் எண்ணிவிட்டு வண்டுகளை விட்டுவிடலாம். கலப்பு நடவுப் பகுதியிலும் தனி மாந்தோப்பிலும், பொறிகளுக்கிடையே குறைந்தது பத்து மீட்டர் விட்டு, ஒரே எண்ணிக்கையில், ஒரே நாட்களில் வைத்தால்தான் ஒப்பிட முடியும், ஓரங்களைத் தவிர்க்கவும்.

எண்ணிக்கையைப் படிப்பதில் கவனம் தேவை. பொறியில் விழுவது அங்கு வாழும் வண்டுகளின் அளவை மட்டுமல்ல, அவை எவ்வளவு நடமாடுகின்றன என்பதையும் காட்டுகிறது. வெறும் மண்ணில் வண்டு தடையின்றி ஓடிப் பொறியில் விழும். அடர்ந்த புல்லில் மெதுவாக நகர்வதால் குறைவாகவே விழும். ஆகவே மூடாக்குள்ள பகுதியில் எண்ணிக்கை குறைந்தால் உடனே ஏமாற்றமடையாமல், எத்தனை வகை வண்டுகள் விழுந்தன என்பதைத் தனியே குறித்து, மழைக்குப் பிறகும் கோடையிலும் மீண்டும் வைத்துப் பார்த்து, அதன் பின்னரே உழவையும் மூடாக்கையும் மாற்ற வேண்டும்.