ஆறுமணிக்குருவி வாசலில் விழுந்தால்: நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள்: "மீன்கொத்திக் குஞ்சு ஒண்ணு வாசல்ல கிடக்கு, என்ன பண்றது?" பெரும்பாலும் அது மீன்கொத்தியும் இல்லை, குஞ்சும் இல்லை. வளர்ந்த ஆறுமணிக்குருவி. வால் கட்டையாக இருப்பதால் குஞ்சு போலத் தெரிகிறது. தோளில் உள்ள நீலம் மீன்கொத்தியை நினைவுபடுத்துகிறது. கண்ணை மறைத்து ஓடும் அகலமான கறுப்புப் பட்டையும் அடிவயிற்றுச் சிவப்பும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது. பயணம் இரவில். களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறி, கண்ணாடியில் மோதி விழுந்துவிடுகிறது.

உடனே அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். தயவுசெய்து வேண்டாம். பறவைக்கு மூச்சுக்குழாயின் திறப்பு நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது; ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அரிசியும் கம்பும் போடுவது வீண், இது புழு பூச்சி தின்னும் பறவை. கையில் வைத்துத் தடவிக் கொடுப்பதும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவதும் அதற்குப் பெரும் பயம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, அதற்குள் விட்டு மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்தால் போதும். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்து உள்ளே தத்தத் தொடங்கும். பகலென்றால் பூனை, நாய் இல்லாத புதரோரம் பெட்டியைத் திறந்துவிடுங்கள்; இரவென்றால் விடியட்டும். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பறவையைப் பார்க்கப் போகிறவர்கள் மரக்கிளையை அண்ணாந்து பார்த்தே நேரத்தைப் போக்குகிறார்கள். ஆறுமணிக்குருவி சேர்ந்த பிட்டா என்னும் பறவைக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் தென்கிழக்காசிய மழைக்காடுகளின் ஈரத்தரையில் ஒளிந்து வாழ்பவை. நம் ஊர் வறண்டதுதான், ஆனாலும் இங்கு வரும் இதுவும் நிழலும் சருகும் உள்ள தரையைத்தான் தேடுகிறது. அலகால் ஓர் இலையைப் புரட்டும், இரண்டு தத்து தத்தும், நிற்கும், அடுத்த இலையைப் புரட்டும். விடியலிலும் அந்தியிலும் தலையைப் பின்னால் சாய்த்து இரண்டு சுரமாக விசிலடிக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மாந்தோப்புகளில் சருகைக் கூட்டிக் கொளுத்துவது. தோப்பு சுத்தமாக இருக்கிறது, சரி. ஆனால் அந்தச் சருகுக்கு அடியில்தான் இதன் சாப்பாடு முழுக்க இருக்கிறது. தோட்டத்தின் ஓர் ஓரத்திலாவது சருகை மூடாக்காக விட்டுவைத்தால் மண்ணில் ஈரமும் நிற்கும், குருவியும் தங்கும்.

அப்புறம், செல்போனில் அதன் குரலைப் போட்டு வெளியே வரவழைக்கும் பழக்கம். இன்னொரு பறவை தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே அலையும். சித்திரைக்குள் வடக்கே திரும்ப வேண்டிய பறவைக்கு உடம்பில் கொழுப்பு சேர வேண்டிய நேரம் அது. மாலை ஆறு மணிக்குத் தோப்போரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள், தானாகவே கூப்பிடும்.