ஸ்மார்ட் சார்ஜர் இருந்தும் பேட்டரி பாழாவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசை இழுப்பறையில் நெடுநாள் மறந்து கிடந்த, மறுபடி ஏற்றக்கூடிய நான்கு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை எடுத்து, செல் நிரம்பியதைத் தானே உணர்ந்து நிறுத்தும் ஸ்மார்ட் சார்ஜரில் பொருத்தினேன். மூன்று உடனே ஏறத் தொடங்கின. நான்காவதைச் சார்ஜர் கண்டுகொள்ளவே இல்லை. அந்தக் குழியில் செல்லே இல்லை என்பதுபோல் திரை வெறுமையாக நின்றது. பலரும் இந்தக் கட்டத்தில் செல்லைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் முதல் தவறு.

மின்னழுத்தம் அடியோடு இறங்கிவிட்ட செல்லை ஸ்மார்ட் சார்ஜரால் அடையாளம் காண முடிவதில்லை, அவ்வளவுதான். எனவே அதைக் குறைந்த மின்னோட்டம் தரும் பழைய எளிய சார்ஜரில் பத்து நிமிடம் வைத்தேன். மின்னழுத்தம் 1 வோல்ட்டைத் தாண்டியதும் ஸ்மார்ட் சார்ஜர் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு ‘ரிஃப்ரெஷ்’ முறையில், அதாவது முழுக்க இறக்கி முழுக்க ஏற்றும் சுற்றில் விட்டேன். முதல் சுற்றில் பாதிக் கொள்ளளவுகூட வரவில்லை. மூன்றாவது சுற்றில் மற்ற மூன்றையும் ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிட்டது. எல்லாச் செல்லும் இப்படித் தேறிவிடாது. ஆனாலும் நீண்ட நாள் சும்மா கிடந்த செல்லுக்கு மூன்று சுற்று வாய்ப்புத் தராமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான் சொல்வது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் பற்றி மட்டும். லித்தியம் அயான் செல்லில் இந்த வைத்தியத்தைச் செய்யவே கூடாது. 2 வோல்ட்டுக்குக் கீழே போய் அப்படியே கிடந்த லித்தியம் செல்லுக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். மறுபடி ஏற்றும்போது அந்தச் செப்பு உள்ளே படிந்து குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கும், தீப்பிடிக்கவும் கூடும். அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். 1.5 வோல்ட் என்று அச்சிட்டு ஏஏ வடிவில் வரும் லித்தியம் செல்களையும் நிக்கல் செல்லுக்கான சார்ஜரில் போடக் கூடாது. உருவம் ஒன்றுதான், உள்ளிருக்கும் வேதியியல் வேறு.

அடுத்தது, திரையில் தெரியும் எண்ணைத் தப்பாகப் படிப்பது. 2000 மில்லி ஆம்பியர் மணி (கொள்ளளவின் அலகு) என்று அச்சிட்ட செல்லில் 2500 ஏறியதாகச் சார்ஜர் காட்டினால் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அது உள்ளே தள்ளிய கணக்கு. தேங்கிய கணக்கு அல்ல. தள்ளியதில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஏற்றினால், பத்து மணி நேரத்துக்குப் பதில் 16 மணி நேரம் ஏற்றச் சொல்வது இதனால்தான். செல்லின் உண்மையான கொள்ளளவு இறக்கும்போது மட்டுமே தெரியும். ஆகவே ‘டெஸ்ட்’ அல்லது ‘ரிஃப்ரெஷ்’ முறையில் வரும் டிஸ்சார்ஜ் எண்ணையே குறித்துவையுங்கள். மல்டிமீட்டர் காட்டும் மின்னழுத்தத்தை வைத்தும் கொள்ளளவைச் சொல்ல முடியாது. இந்தச் செல் தன் ஓட்டத்தின் பெரும்பகுதியிலும் 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

மெதுவாக ஏற்றினால் செல் நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணம் எங்கும் ஊறிக்கிடக்கிறது. ஸ்மார்ட் சார்ஜரைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் கேடாகவே முடிகிறது. ஏற்றம் முடியும் தறுவாயில் திரையைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். மின்னழுத்தம் 1.45, 1.46 என்று ஏறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் நிற்கும். பிறகு சில மில்லிவோல்ட் மட்டும் சரியும். செல் நிரம்பிவிட்டதால் இனி வருவதெல்லாம் வெப்பமாகிறது. சூடேறியதும் மின்னழுத்தம் இறங்குகிறது. பல சார்ஜர்கள் ‘போதும்’ என்று உணர்வது இந்தச் சிறு சரிவைக் கொண்டுதான். 2000 கொள்ளளவுள்ள செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் வைத்தால் அந்தச் சரிவு எழாமலே போகலாம். சார்ஜரும் நிறுத்தத் தெரியாமல் மணிக்கணக்கில் ஏற்றிக்கொண்டே இருக்கும். கொள்ளளவின் பாதி அளவு மின்னோட்டம் நல்ல தொடக்கம்: 2000 செல்லுக்கு 1000, சிறிய 800 செல்லுக்கு 400. நிரம்பியதை மின்னழுத்த உச்சத்தையோ வெப்பத்தையோ வைத்து அறியும் சார்ஜரானால் இன்னும் குறைவாகவும் வைக்கலாம். அதன் கையேட்டைப் பாருங்கள்.

முடியும் வேளையில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரலை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சுட்டால், அந்தச் செல்லின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ளே எழும் எதிர்ப்பு, உயர்ந்து அது முதுமையடைந்துவிட்டது என்று பொருள். அந்த முடிவுக்கு வருமுன் செல்லின் இரு முனைகளையும் சார்ஜரின் தொடுதகடுகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அழுக்கும் தடையை உயர்த்திக் காட்டும். பயன்படுத்திய சூட்டோடு கொண்டுவந்து சார்ஜரில் செருகுவதும் வேண்டாம்.

ரிஃப்ரெஷ் நல்லது என்று மாதந்தோறும் செய்பவர்களும் உண்டு. ஒவ்வொரு சுற்றும் செல்லின் ஆயுளிலிருந்தே கழிகிறது. அறவே காலியாக்கிய பிறகே ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் செல்களின் காலத்துப் பழக்கம். கொள்ளளவு குறைந்ததாகத் தோன்றும்போது செய்தால் போதும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, செல்களைக் கலப்பது. நான்கு செல் போடும் கருவியில் மூன்று வலுவானவையும் ஒரு நலிந்ததும் இருந்தால், நலிந்தது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்தையும் கடந்து அதன் துருவமே தலைகீழாகிவிடும். ஒரே முறை நடந்தாலும் அந்தச் செல் நிரந்தரமாகக் கெடலாம். அழியாத மையால் ஒவ்வொரு செல்லிலும் தொகுதி எழுத்தும் வாங்கிய மாதமும் எழுதுங்கள்: அ1, அ2, அ3, அ4. ஒரு தொகுதியை ஒன்றாக ஏற்றி, ஒன்றாகவே பயன்படுத்துங்கள். கருவியின் வெளிச்சம் மங்கினால் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

பயன்படுத்தாத கருவிக்குள் செல்லை விட்டுவைக்காதீர்கள். அணைத்திருந்தாலும் சில கருவிகள் சிறிது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கழற்றிக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிவிடுங்கள். மூன்று சுற்றுக்குப் பிறகும் அச்சிட்ட கொள்ளளவில் 60 சதவீதத்தை எட்டாத செல்லை நான் தொகுதியிலிருந்து விலக்கிவிடுகிறேன். தனியாக ஒரே செல்லில் ஓடும் சுவர்க் கடிகாரத்துக்கு அது இன்னும் சில காலம் போதும்.