டயல் போனிலேயே செல்போன் அழைப்பு

பரணில் கிடக்கும் டயல் போனைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். செல்போனுக்கு வரும் அழைப்பை அதிலேயே எடுத்துப் பேசலாம். புளூடூத் கேட்வே என்ற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். எக்ஸ்லிங்க், செல்2ஜாக் எல்லாம் இந்த வகைதான். போன் ஒயரை அதில் செருகி, புளூடூத் ஹெட்செட்டை இணைப்பதுபோலவே செல்போனுடன் இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வாங்கும் முன் 'பல்ஸ் டயலிங்' உண்டா என்று கட்டாயம் பாருங்கள். டயலில் 3 சுற்றினால் ஒயரில் மூன்று மின்துடிப்பு (பல்ஸ்) போகும், 0 என்றால் பத்து. இதை எண்ணத் தெரியாத பெட்டியில் வருகிற அழைப்பைப் பேசலாம், ஆனால் டயலை எவ்வளவு சுற்றினாலும் எண் போகாது. அப்புறம் மணி. உள்ளே இருக்கும் அசல் மணியை அடிக்கச் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் தேவை. திறன் குறைந்த பெட்டி என்றால் 'கிர்ர்' என்று முனகுவதோடு சரி. என்னைக் கேட்டால், அந்த மணிச் சத்தத்துக்காகவே கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

ஒயர் நுனி வெறும் கம்பியாக இருந்தால் ஆர்ஜே11 பிளக் (லேண்ட்லைன் போன் ஒயரின் நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பிளக்) பொருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: சுவரில் லேண்ட்லைன் இணைப்பு இன்னும் இருந்தால் இந்தப் பெட்டியை அதோடு சேர்த்து மாட்டாதீர்கள், பெட்டி பழுதாகிவிடும்.