நகராட்சியா, தாலுகா ஆபீஸா? சிறு நகரத்தில் எந்த வேலைக்கு எந்த அலுவலகம்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ஒரு மனு மாதக்கணக்கில் கிடந்தால், அலட்சியத்தையும் லஞ்சத்தையும் பற்றிப் பேசுமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: அது சரியான அலுவலகத்துக்குத்தான் போயிருக்கிறதா? நகராட்சி அலுவலகமும் தாலுகா அலுவலகமும் எதிரெதிரே இருந்தாலும் துறை வேறு. முன்னது நகராட்சி நிர்வாகத் துறை, பின்னது வருவாய்த் துறை. பத்திரம் பதிகிற சார்பதிவாளர் அலுவலகம் மூன்றாவது. ஒன்றில் பெயர் மாறிவிட்டது என்பதற்காக மற்றதிலும் மாறியிருக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

பிரித்துப் பார்த்தால் எளிது. வீடு, குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, கட்டட வரைபட அனுமதி, கடை உரிமம், தொழில்வரி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை நகராட்சி. நிலம், பட்டா, சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசுச் சான்று ஆகியவை வட்டாட்சியர். குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர், முதியோர் உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். இருவருமே பெரும்பாலும் தாலுகா அலுவலக வளாகத்திலேயே இருப்பார்கள். அதிகம் குழம்புவது தெருவிளக்கில்தான். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் விளக்கு நகராட்சியுடையது. புகார் சொல்லும்போது கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ரேஷன் கடைப் பக்கத்துக் கம்பம்" என்று எழுதினால் ஆள் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார்.

புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவை 2024-இல் மாநகராட்சிகள் ஆனபோது சுற்றியிருந்த ஊராட்சிகள் பலவும் அவற்றோடு இணைந்தன. இப்படி இணைந்த பகுதியில் வீடு இருந்தால், ஊராட்சியில் கட்டிய பழைய வீட்டுவரி ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புது வரிவிதிப்பு எண் தரும்போது அதைத்தான் கேட்பார்கள்.

எப்போது போவது?

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். பல அதிகாரிகளின் நாற்காலி காலியாக இருக்கும். கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், பில் கலெக்டர் ஆகியோர் வெளிவேலைக்காரர்கள். காலையில் கிளம்புவதற்கு முன் பிடித்தால்தான் உண்டு. பணம் கட்டும் கவுண்டர், அலுவலகம் மூடும் நேரத்துக்கு வெகு முன்பே கணக்கை முடித்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடுவது நல்லது.

பிறப்புப் பதிவு

பிறந்த இடத்தில்தான் பதிவு. குடியிருக்கும் ஊரில் அல்ல. 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்குமேல் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டிவரும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகுமுன் அந்தப் படிவத்தை வாங்கி, பெற்றோர் பெயரை ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கர்ப்பகாலத்தில் செவிலியர் தந்த 12 இலக்க பிக்மி எண்ணும் அதில் இருக்க வேண்டும். அங்கே விழுகிற எழுத்துப்பிழை பள்ளி, பாஸ்போர்ட் வரை கூடவே வரும்.

1.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றே ஆதாரம். பெயர் வைக்காமலும் பதியலாம். ஓராண்டுக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதையும் தாண்டினால் அரசு அவ்வப்போது தரும் கால நீட்டிப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டு உரிமையாளர் இறந்தால்: வரிசை மாறக் கூடாது

குடும்பங்கள் அதிகம் அலைவது இதில்தான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், சொத்துவரிப் பெயர் மாற்றம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிற வேலை. முதலாவதில் பிழை இருந்தால் எல்லாமே திரும்பி வரும்.

இறப்பும் இறந்த இடத்தில்தான் பதிவாகும். சிகிச்சைக்கு மதுரைக்குக் கொண்டுபோய் அங்கே உயிர் பிரிந்தால் பதிவு மதுரை மாநகராட்சியில். உள்ளூர் நகராட்சியில் தேடிப் பயனில்லை. வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் துப்புரவு ஆய்வாளரிடம் தகவல் தர வேண்டும். மயான ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் இன்ஷியலைப் பாருங்கள். தகப்பனார் பெயர் காளிமுத்து என்றால் பத்திரத்தில் "கா.முருகன்" என்றிருக்கும். ஆதாரில் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் போட்ட "கே.முருகன்", ரேஷன் கார்டில் வெறும் "முருகன்". வாரிசுச் சான்றுக்கு மனு போட்டபின் இதைச் சரிசெய்ய முயன்றால் இரண்டு வேலையும் முடங்கும். திருத்தத்தை முதலில் முடியுங்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, இறந்தவரின் முகவரிச் சான்று, குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார், சுய உறுதிமொழி ஆகியவை வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார், வட்டாட்சியர் கையெழுத்திடுவார். மனு நிராகரிக்கப்படும் காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்: கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிடுவது, இறந்தவரின் தாய் உயிரோடிருந்தும் அவர் பெயரைச் சேர்க்காதது, வாரிசுகளில் ஒருவர் முன்பே இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்றை வைக்காதது. "அக்காவுக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பது சட்டத்தில் செல்லாது. தகராறு என்று யாராவது ஒரு வாரிசு எழுதிக் கொடுத்துவிட்டால் வட்டாட்சியர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். குடும்பத்துக்குள் பேசி முடித்துவிட்டு மனு போடுங்கள்.

வாரிசுச் சான்று வந்ததும், பாகப்பிரிவினையோ பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதியாதவரை, பட்டா எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டாகத்தான் மாறும். ஒருவர் பெயருக்கு மட்டும் வேண்டுமானால் மற்றவர்கள் எழுதிக் கொடுத்த, பதிவான பத்திரம் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்து எடுபடாது.

சொத்துவரி

அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். நாள் தவறி இழுத்துக்கொண்டே போனால் மாதம் 1 சதவீதம் கூடும். இணையத்தில் கட்டலாம். பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணோடு வருவாய்ப் பிரிவில் கேளுங்கள்.

ரசீதில் தொகையை மட்டும் பார்ப்பது போதாது. கட்டடப் பரப்பையும் பயன்பாட்டு வகையையும் பார்க்க வேண்டும். முன்னறையில் இருந்த கடையை மூடி வருடங்கள் ஆகியும் "வணிகம்" என்றே வரி ஓடிக்கொண்டிருக்கும். மனு கொடுத்து ஆய்வு செய்யச் சொல்லாதவரை யாரும் வந்து மாற்ற மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்குப் பத்திர நகல், கடைசி வரி ரசீது, குடிநீர்க் கட்டணம் உள்பட பாக்கி இல்லாத கணக்கு இவை வேண்டும். வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதாலேயே சொத்து உங்களுடையது ஆகிவிடாது. வீடு வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குடிநீர் இணைப்புக்கும் இதே ரசீதுதான் அடிப்படை. வைப்புத்தொகையோடு சாலை வெட்டுக் கட்டணமும் உண்டு. தெருவில் புதிதாகத் தார் போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு முன்பே மனு போட்டுவிடுங்கள். போட்ட சாலையைத் தோண்ட அனுமதி வாங்குவது பெரிய பாடு.

வீடு கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்றால் இணையத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். பத்திரத்தின் அளவும் பட்டாவின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே சிக்கும்.

நகரப் பட்டா: எண் குழப்பம்

நகர எல்லைக்குள் நில அளவை தனி. பழைய பத்திரத்தில் கிராம சர்வே எண் இருக்கும். இப்போதைய பதிவேட்டில் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று வேறு கணக்கு. இந்த நில அளவை வார்டும் கவுன்சிலர் வார்டும் ஒன்றல்ல. கவுன்சிலர் வார்டு எண்ணைப் போட்டு இணையத்தில் தேடினால் யாருடைய நிலமோ வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. பழைய எண்ணுக்கு நேரான புது எண் எது என்று தாலுகா அலுவலகத்தின் நகர நில அளவைப் பிரிவில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு மனு போடுங்கள். முழுப் புல எண்ணும் கைமாறினால் வேலை சுலபம். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். அளக்கும் நாளில் பக்கத்து வீட்டாரையும் இருக்கச் சொல்லுங்கள். பிற்பாடு வரும் ஆட்சேபணை பாதி அங்கேயே தீரும்.

இ-சேவை

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளுக்கு இ-சேவை மையக் கட்டணம் ஒன்றுக்கு 60 ரூபாய். கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். மனு திரும்புவதற்கு மிகச் சாதாரணமான காரணம் மங்கலான ஸ்கேன். பதிவேற்றுமுன் திரையில் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும், மையக்காரருடையதாக வேண்டாம். மனு திரும்பிய செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். பழங்குடியினர் சாதிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர முடியும். பிளஸ் டூ முடிவு வந்தபின் மையங்களில் கூட்டம் தாங்காது. மார்ச்சிலேயே வாங்கி வையுங்கள்.

மனு நகரவில்லை என்றால்

கையில் கொடுக்கும் எந்த மனுவையும் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அதிகாரி மேசையில் வைத்துவிட்டு வந்த மனுவுக்குக் கணக்கே கிடையாது. அடுத்தமுறை போகும்போது "என் மனு என்னாச்சு" என்பதைவிடக் கோப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் வேறுமாதிரி வரும்.

முதலில் பிரிவு எழுத்தர், பிறகு மேலாளர், அதன்பின் ஆணையர் அல்லது வட்டாட்சியர். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்கும் புகார் பதியலாம். அங்கே கொடுத்தாலும் அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பி வரும். ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு வரும். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மொட்டையாக முடித்துவைத்தால், தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இல்லாத விளக்கத்தைத் தர வேண்டியதில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். இன்ன தேதியிட்ட மனு எந்தெந்த நாளில் எந்தப் பதவியில் இருப்பவரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது, கோப்பின் குறிப்புப் பக்க நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பல கோப்புகள் முதல் மேல்முறையீடு வரை போவதில்லை. வில்லை ஒட்டிய கடிதம் தபால் பிரிவில் பதிவான சில நாளிலேயே அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும்.