கஷ்ட காலத்தில் விட்டுப்போன ஓட்டத்தை மறுபடி பிடிப்பது எப்படி

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஏழு மாதம் நான் ஓடவே இல்லை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டி திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரி அலைச்சல், ராத்திரி முழித்திருப்பது, கடன் என்று நாள் ஓடியதே தவிர நான் ஓடவில்லை. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் பழைய நினைப்பில் புளியரைப் பாதையில் ஒரேயடியாக ஐந்து கிலோமீட்டர் ஓடினேன், அப்படியே தொடர்ந்தேன், மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்து மறுபடி நின்றுபோனது.

இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறோம். இரண்டு மூன்று வாரம் ஓடாவிட்டாலே தாக்குப்பிடிக்கும் சக்தி இறங்க ஆரம்பித்துவிடும், ஆனால் திரும்ப ஓடத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும்தான் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று கூட்டினால் கால் மாட்டிக்கொள்ளும்.

அதனால் பழைய வேகத்தை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் தன் அம்மாவையும் மனதில் வைத்துப் போட்ட ‘கௌச் டு 5கே’ என்ற, ஓடிப் பழகாதவரையும் ஐந்து கிலோமீட்டர் ஓடவைக்கும் 9 வாரத் திட்டம் இதற்குச் சரியாக இருக்கும். வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. முதல் வாரத்தில் 5 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும், பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், அவ்வளவுதான். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிய வேண்டும். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஒன்பது வாரம் பதினான்கு ஆனது.

நோயாளி இருக்கும் வீட்டில் ‘காலை ஐந்தரை’ என்று நேரம் குறித்தால் நடக்காது. நான் அப்பாவுக்குக் காலை மாத்திரை கொடுத்து, மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் கிளம்பிவிடுவேன், அது ஆறோ எட்டோ. நீங்களும் வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு ஓட்டத்தை முடிந்துவைத்துக்கொள்ளுங்கள், யாரிடமாவது வாய்விட்டு உதவியும் கேளுங்கள். ராத்திரி தூக்கமே இல்லையென்றால் அன்று நடை மட்டும் போதும், ஆனால் ஷூவைப் போட்டு வெளியே போங்கள். ஓடும்போது அழுகை வந்தால் வரட்டும், எனக்கும் வந்திருக்கிறது. காய்ச்சல் என்றால் ஓட வேண்டாம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், நம் பக்கத்துக் காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும்போது போகையில் எதிர்க்காற்றாக வைத்துக்கொண்டால் களைத்துத் திரும்பும்போது காற்றே முதுகில் தள்ளிக்கொண்டு வரும். கேரளா லாரிகள் வரும் ரோட்டில் வலது ஓரமாக, வண்டியை எதிரே பார்த்தபடி, வெளிர் நிறச் சட்டை போட்டு ஓடுங்கள். சாரலில் நனைந்த ஷூவை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பேப்பரை மாற்றினால் மறுநாளைக்குப் பெரும்பாலும் காய்ந்துவிடும்.