தேசிக்காய்த் தொட்டியில் ஊசித் துளைகள்

கல்லடியில் வீட்டோடு சேர்த்துத் தேசிக்காய் ஊறுகாய் போடுகிறேன். உப்பில் ஊறவைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் ஆறே மாதத்தில் காவி நிறப் புள்ளிகள். தேய்த்தால் போய்விடும், அடுத்த கிழமை அதே இடத்தில் திரும்ப வரும். நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கு அடியிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. மனம் பதறிவிட்டது, சாப்பாட்டுச் சாமான் அல்லவா?

வெல்டிங் அண்ணன் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது 304. உப்புத் தண்ணி இதுக்கு ஆகாது" என்றார். 304 என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம். அதில் ஏறத்தாழ 18% குரோமியம், 8% நிக்கல். குரோமியம் மேலே கட்டும் மெல்லிய படலம்தான் காவல். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கிறது. புளிப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். போதாததற்கு நானும் கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்து இரும்புத் துகளைப் பதித்திருக்கிறேன்.

அந்தத் தொட்டியை விட்டுவிட்டேன். ஊறவைப்பது இப்போது உணவுக்கென்று வரும் பிளாஸ்டிக் பீப்பாயில். கிளறும் பாத்திரத்தை மட்டும் 316 என்ற ரகத்தில் செய்வித்தேன். அதிலுள்ள 2 முதல் 3% மொலிப்டினம் என்ற உலோகம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். வாங்கும்போது தகட்டின் சான்றிதழைக் கேளுங்கள், காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலரவிடுகிறேன். எட்டு மாதம் ஆகிறது, ஒரு புள்ளி இல்லை.